மூலமும் உரையும்: திரைப்பட இறுவட்டுகளில் மேலதிக இணைப்புகளின் தேய்வு

ஒரு கலையாக்கம் காலத்தைக் கடந்து நிலைபெறுவது அதன் மூலம் பேணப்படுவதால் மட்டுமன்று. அம்மூலத்தை விளங்கிக்கொள்வதற்கு வேண்டிய அறிவும் அதனுடன் சேர்த்துக் கையளிக்கப்படுவதாலேயாம். தமிழ் மாணவருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. தொல்காப்பியம் இன்றும் பயிலப்படுவது இளம்பூரணர், சேனாவரையர், நச்சினார்க்கினியர் முதலியோரின் துணைகொண்டே. 1887ஆம் ஆண்டில் சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையைப் பதிப்பித்தபோது நச்சினார்க்கினியர் உரையுடனேயே அதனை அச்சேற்றினார். 1892இல் உ. வே. சாமிநாதையர் வெளியிட்ட சிலப்பதிகாரத்தில் அரும்பதவுரையும் அடியார்க்குநல்லாருரையும் இடம்பெற்றன. அடியார்க்குநல்லாருரை காப்பியம் முழுமைக்கும் கிடைக்கவில்லை என்பது அறிஞர் பலரும் இரங்கிக் கூறுவதொன்று. பழைய இசை, நாடக நூல்கள் சிலவற்றின் பெயர்கள்தானும் எஞ்சியிருப்பது அவ்வுரை குறிப்பிட்டமையாலேயே. உரை அழிந்தால் மூலம் ஊமையாகிவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

திரைப்படக்கலைக்கு இத்தகைய உரைமரபு நெடுங்காலம் வாய்க்கவில்லை. 1895இல் பாரிஸ் நகரில் லூமியேர் சகோதரர் பொதுமக்களுக்குப் படங்காட்டியதிலிருந்து ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளாக, பெரும்பாலானோருக்குத் திரைப்படம் என்பது இருட்டறையில் ஓடி மறைவதாகவே இருந்தது. படச்சுருள் விநியோகத்தரிடம் திரும்பிச் சென்றுவிடும். பார்த்தவனிடம் எஞ்சுவது ஞாபகம் மட்டுமே. விமர்சகன் எழுதியவை பத்திரிகையிலும் நூலிலும் கிடந்தன. ஆயின் அவன் குறிப்பிடும் காட்சியைத் திருப்பிப் பார்த்து, அவன் கூற்றுச் சரியோ பிழையோ எனத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பு வாசகனுக்கு இருக்கவில்லை. கவிதையை மேற்கோள் காட்டலாம். படக்காட்சியை மேற்கோள் காட்ட முடியாது. திரைப்பட விமர்சனம் பல வேளைகளில் வெறும் இரசனைக் குறிப்பாகத் தங்கிவிட்டமைக்கு விமர்சகரின் சோம்பலை மட்டும் குறைகூறுதல் நியாயமாகாது.

இந்நிலை 1984ஆம் ஆண்டில் மாறத் தொடங்கியது. ஐக்கிய அமெரிக்காவில் அவ்வாண்டு தோன்றிய கிரைற்றீரியன் என்னும் வெளியீட்டு நிறுவனம், ஓர்சன் வெல்சின் ‘சிற்றிசன் கேன்’ (1941), ‘கிங் கொங்’ (1933) ஆகிய இரு படங்களையும் லேசர் வட்டில் வெளியிட்டது. லேசர் வட்டு 1978 இறுதியிலேயே அங்கு சந்தைக்கு வந்துவிட்டது. பழைய இசைத்தட்டின் அளவினது. பன்னிரண்டு அங்குல விட்டமுடையது. அதன் ஒரு வகையில், வட்டு ஒருமுறை சுழல்வதற்கு ஒரு படச்சட்டம் என்ற கணக்கில், பக்கமொன்றுக்கு 54,000 சட்டங்கள் பதியப்பட்டன. ஆகவே விரும்பிய சட்டத்தில் படத்தை அசையாது நிறுத்திப் பார்க்கலாம். நூலின் பக்கங்களைப் போல ஒளிப்படங்களையும் எழுத்துக்களையும் அடுக்கி வைக்கலாம். அன்றியும் அவ்வட்டில் இரண்டு ஒலித்தடங்கள் இருந்தன. 1933ஆம் ஆண்டுப் படமொன்றுக்கு ஒரு தடமே போதுமானது. வெறுமையாயிருந்த மற்றத் தடத்தில் றொனல்ட் ஹேவர் என்பவரின் குரல் பதிவாயிற்று. படம் ஓடிக்கொண்டிருக்க, அது ஆக்கப்பட்ட வரலாற்றை அவர் பக்கத்தில் அமர்ந்து சொல்பவர்போலச் சொல்லிச் சென்றார். திரைப்பட வட்டொன்றில் இடம்பெற்ற முதலாவது குரலுரை இதுவே எனக் கொள்ளப்படுகின்றது.

ஹேவர் யார் என்பதும் மனங்கொளத்தக்கது. அவர் லொஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டக் கலைக்கூடத்தின் திரைப்படப் பிரிவுக்குப் பொறுப்பாயிருந்தவர். 1954இல் வெளிவந்த ‘எ ஸ்ரார் இஸ் போர்ன்’ என்ற படம், வெளியான சிறிது காலத்திலேயே தயாரிப்பு நிறுவனத்தாரால் ஏறத்தாழ அரைமணி நேரம் குறைக்கப்பட்டுச் சிதைந்திருந்தது. வெட்டுண்ட பகுதிகளைக் களஞ்சியங்களில் தேடியெடுத்து, காட்சி கிடைக்காது ஒலி மட்டும் கிடைத்த இடங்களில் அசையாப் படங்களை இட்டு நிரப்பி, 1983இல் அதனை ஓரளவு மீட்டுத் தந்தவர் ஹேவர். ஏடு தேடி அலைந்து, பாடவேறுபாடு கண்டு, சிதைந்த இடத்தைச் சிதைந்தது என்றே குறித்துப் பதிப்பித்த தமிழ்ப் பதிப்பாசிரியரின் பணியும் இவர் பணியும் தம்முள் ஒத்தவை. முதற் குரலுரையை ஆற்றியவர் நடிகருமல்லர், விளம்பரகாரருமல்லர், பதிப்பாசிரியர். பின்னர் நேர்ந்தவற்றை மதிப்பிடுகையில் இதனை மறத்தலாகாது.

லேசர் வட்டு விலை கூடியது. அமெரிக்காவில் அதனை வாங்கியோர் சிறு தொகையினரே. ஆயினும் அச்சிறு தொகையினருள் பின்னாளில் படமெடுக்க வந்தோரும் இருந்தனர். ‘பாட் டே அற் பிளக் றொக்’ (1955) என்ற படத்தின் லேசர் வட்டில் அதன் நெறியாளர் ஜோன் ஸ்ரேஜஸ் வழங்கிய குரலுரையில், திரைப்படக் கல்லூரியில் ஆண்டுக்கணக்கில் இருந்து கற்பதிலும் அதிகம் கற்கலாம் என்ற கருத்தை நெறியாளர் போல் தோமஸ் அன்டர்சன் வெளியிட்டுள்ளார். இதில் மிகையுண்டு என வைத்துக்கொண்டாலும், திரைப்படக் கல்லூரியின் வாயிலை மிதிக்க வசதியற்ற ஒருவனுக்கு அது மிகையன்று. அகன்ற திரையின் எந்த மூலையில் பாத்திரத்தை நிறுத்துவது, ஏன் நிறுத்துவது என்பதை அதனைச் செய்தவனே சொல்லக் கேட்பதும், அக்கணத்திலேயே அக்காட்சியைக் கண்ணாற் காண்பதும் எந்தப் பாடநூலும் தரமுடியாத கல்வியாகும்.

டீவீடி வட்டு 1996 நவம்பரில் யப்பானிலும் 1997 மார்ச்சில் ஐக்கிய அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. ஒலித்தடங்கள் எட்டு வரையிலும் எழுத்துத்தடங்கள் முப்பத்திரண்டு வரையிலும் அதில் இடம்பெறலாம். இடம் தாராளமாகக் கிடைத்தது. கிடைத்த இடத்தை நிரப்பவேண்டிய வணிகத் தேவையும் எழுந்தது. முன்னர் ஒளிநாடாவை வாடகைக்கு எடுத்துப் பார்த்த மக்களை வட்டை விலைகொடுத்து வாங்கச் செய்தல் வேண்டும். அதே படத்தை ஒளிநாடாவில் ஏலவே வாங்கியவரை மீண்டும் வாங்கச் செய்தல் வேண்டும். மேலதிக இணைப்புகள் பெருகியமைக்கு அடிப்படைக் காரணம் இதுவேயன்றி, ஹொலிவூட் முதலாளிகளுக்குத் திடீரென ஏற்பட்ட கல்விப் பற்று அன்று. ஆகவே பெருகியவற்றுட் பெரும்பாலானவை பதராயிருந்தமை வியப்புக்குரியதன்று. நடிகர் நெறியாளரைப் புகழ, நெறியாளர் நடிகரைப் புகழ, இருவரும் தயாரிப்பாளரைப் புகழ்ந்து முடிக்கும் பத்து நிமிடத் துணுக்குகள் அக்காலத்து வட்டுகளில் மலிந்து கிடந்தன. அவை பற்றி இதற்குமேற் கூறுவதற்கு எதுவுமில்லை.

பதரை நீக்கிய பின் எஞ்சிய நெல்மணிகளே கருத்திற் கொள்ளத்தக்கவை. றோஜர் ஈபேட் ‘சிற்றிசன் கேன்’ படத்துக்கு ஆற்றிய குரலுரை 2001ஆம் ஆண்டு டீவீடி வெளியீட்டில் இடம்பெற்றது. நாளிதழ் விமர்சகராயிருந்த ஈபேட், கொலறாடோப் பல்கலைக்கழகத்தில் ஆண்டுதோறும் நிகழும் மாநாட்டில், ஒரு படத்தைச் சட்டஞ் சட்டமாக நிறுத்தி, இருளில் இருக்கும் எவரும் குரல்கொடுத்து நிறுத்தச் சொல்லிக் கேள்வி கேட்கலாம் என்ற முறையில் நாட்கணக்காக ஆராய்ந்து வந்தவர். அவ்வகுப்பறை முறையே வட்டின் குரலுரையில் அவருக்குக் கைகொடுத்தது. பல்கலைக்கழக மண்டபத்தில் சில நூறு பேர் பெற்ற பயிற்சி, வட்டு சென்ற இடமெல்லாம் சென்றது. ஈபேட் 2013இல் மறைந்தார், அவ்வுரை எஞ்சியுள்ளது.

உரையாசிரியர் ஒருவரையொருவர் மறுத்தல் தமிழ் மரபுக்குப் பழகியது. சேனாவரையர் இளம்பூரணரை மறுத்துச் செல்லும் இடங்களை ஊன்றிப் படித்த மாணவருக்கு, ஸ்ரீவன் சொடர்பேக் நெறியாண்ட ‘த லைமி’ (1999) படத்தின் வட்டு தனியானதோர் இன்பத்தைத் தரும். அதில் நெறியாளரும் திரைக்கதையாசிரியர் லெம் டொப்சும் ஒன்றாக அமர்ந்து உரையாற்றுகின்றனர்; உரையாற்றுகின்றனர் என்பதிலும் பூசலிடுகின்றனர் என்பதே பொருந்தும். தாம் எழுதிய பாத்திரங்களின் முன்வரலாறு வெட்டப்பட்டது, ஆழம் போயிற்று என்று டொப்ஸ் குற்றஞ்சாட்டுகின்றார். சொடர்பேக் சில இடங்களில் மறுக்கின்றார். சில இடங்களில் ஒப்புக்கொள்கின்றார். எழுத்தில் உள்ள பாத்திரம் திரையில் எவ்வாறு வேறொன்றாகின்றது, அம்மாற்றத்தில் ஆக்கம் எவ்வளவு, அழிவு எவ்வளவு என்பன பற்றி இதனிலும் நேர்மையான உரையாடல் எழுத்தில் அரிதாகவே கிடைக்கும். இதனைப் பொதிந்து வெளியிட்ட நிறுவனம், தன் பண்டத்தின் குறைகளை அப்பண்டத்துக்குள்ளேயே வைத்து விற்றது என்பது சிந்திக்கத்தக்க முரண்பாடாகும்.

எனினும் இவ்வடிவம் அடைந்த உச்சம் எதுவெனில், பீற்றர் ஜக்சனின் ‘த லோட் ஒவ் த றிங்ஸ்’ முதற்பாகத்தின் விரிந்த பதிப்பு எனலாம். 2002 நவம்பரில் வெளிவந்த அப்பதிப்பு நான்கு வட்டுகளைக் கொண்டது. இரண்டில் 208 நிமிடப் படமும் அதற்கு நான்கு குரலுரைகளும் இருந்தன. மற்றை இரண்டும், மூலநாவலின் இறுதியில் உள்ளவற்றைப் பின்பற்றி, ‘பிற்சேர்க்கைகள்’ எனப் பெயரிடப்பட்டிருந்தன. நான்கு உரைகளுள் ஒன்றே நெறியாளரும் எழுத்தாளரும் வழங்கியது. ஏனையவை வடிவமைப்பாளர், தயாரிப்பிலும் பிற்தயாரிப்பிலும் ஈடுபட்ட தொழினுட்பவியலாளர், நடிகர் ஆகியோருக்குரியவை. குட்டையரான ஹொபிற்றும் நெட்டையரான கண்டல்வும் ஒரே வண்டியில் அருகருகே இருப்பதாகத் தோன்றுவதற்கு, ஒருவரை முன்னும் மற்றவரைப் பின்னுமாக இருத்திக் கண்ணை ஏமாற்றிய உத்தியைப் பிற்சேர்க்கை வரைந்து காட்டுகின்றது. வெல்லிங்ரன் நகரத்துப் பட்டறையில் பிளாஸ்ரிக் குழாய்களைச் சீவியெடுத்த வளையங்களைக் கையால் ஒவ்வொன்றாகக் கோத்துப் போர்ச்சட்டை பின்னிய இருவரை அது அறிமுகஞ் செய்கின்றது. ஆண்டுக்கணக்கில் அதனைச் செய்தமையால் அவர்களின் விரல்நுனி ரேகைகள் தேய்ந்துவிட்டனவாம்.

பண்டமொன்று சந்தைக்கு வரும்போது அதற்குள் உறைந்துள்ள உழைப்பு கண்ணுக்குத் தெரியாது மறைந்துவிடுகின்றது என்பது அரசியற் பொருளாதாரத்தின் அரிச்சுவடி. திரைப்படம் இவ்வகையில் ஏனைய பண்டங்களினும் வன்மையானது. உழைப்பை மறைப்பதே அதன் அழகியல் இலட்சியமாகவும் அமைந்துவிட்டது. பட்டறையின் கைவேலை தெரிந்தால் மாயை கலைந்துவிடும். இத்தகைய ஒரு பண்டத்துடன், அதனை ஆக்கிய தச்சரும் கொல்லரும் தையற்காரரும் ஒலிப்பதிவாளரும் தம் பெயரோடும் முகத்தோடும் வந்து பேசும் மணித்தியாலங்கள் இணைக்கப்பட்டமை சாதாரண நிகழ்ச்சியன்று. இதனை மிகைப்படுத்தவும் கூடாது. அவர்களுக்குக் கிடைத்த கூலி பற்றி அவ்விணைப்புகள் பேசுவதில்லை. கடும் உழைப்பு எல்லாம் மகிழ்ச்சியான தியாகமாகவே காட்டப்படுகின்றது. ஆயினும் மறைந்திருந்த கை ஒருமுறை தெரிந்த பின்னர் அதனைப் பற்றிய வினாக்களை எழுப்ப இயலும்.

அதே நெறியாளரின் ‘த ஹொபிற்’ மூன்றாம் பாகத்தின் விரிந்த பதிப்பு 2015இல் வெளிவந்தபோது, அதன் இணைப்பில் அவ்வினாக்களுள் சிலவற்றுக்கு விடை கிடைத்தது. கில்லெர்மோ டெல் ரோறோ 2010இல் விலகியபின், தக்க ஆயத்தத்துக்கு அவகாசமின்றியே தாம் அப்பணியை ஏற்கவேண்டியிருந்தது என்றும், நாளாந்தம் அவசரத்தில் ஒப்பேற்றியே படப்பிடிப்பை நடத்தியதாகவும், பெரும்போர்க் காட்சியை எடுக்க முடியாது படப்பிடிப்பை இடைநிறுத்த நேர்ந்ததாகவும் ஜக்சன் அதில் ஒளிவுமறைவின்றிக் கூறுகின்றார். உறங்காத கண்களோடு அவர் படப்பிடிப்புத் தளத்தில் இருப்பதையும் காணலாம். மூன்று படங்களும் ஏன் உயிரற்றுப் போயின என விமர்சகர் எழுதிய பக்கங்கள் பல. ஆனால் உற்பத்தி நிலைமைகள் ஆக்கத்தை எவ்வாறு சிதைத்தன என்பதற்கான நேர்ச்சான்று அவ்வட்டிலேயே கிடைத்தது.

உரை எல்லாமே நன்மை என்பதும் பொருந்தாது. டேவிட் லிஞ்ச் தம் படங்களுக்குக் குரலுரை வழங்க மறுத்தவர். ‘மல்ஹொலண்ட் டிறைவ்’ (2001) படத்தின் டீவீடியில் காட்சிப் பிரிவுகளைக்கூட அவர் அனுமதிக்கவில்லை. படம் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே மூச்சில் பார்க்கப்படவேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. (அவ்வட்டின் உறைக்குள் பத்துத் துப்புகள் அச்சிட்ட தாளொன்று வைக்கப்பட்டிருந்தது வேறு விடயம், விளக்கத்தைப் போல வேடமிட்டு விளக்கத்தைக் கேலி செய்த குறும்பு அது.) லிஞ்சின் மறுப்பில் ஒரு நியாயமுண்டு. பரிமேலழகர் உரையின் ஒளியில் குறளைக் கண்டு கண்டு, பரிமேலழகரது சமயச்சார்பையே வள்ளுவரது கொள்கையாகக் கருதிய தலைமுறைகள் இருந்தன. ஆக்கியோனே உரைகாரனாகவும் அமரும்போது இவ்வாபத்து இருமடங்காகும். படைப்பாளியின் எண்ணமே படைப்பின் பொருள் எனக் கருதும் மயக்கம் பரவுவதற்குக் குரலுரைகளும் ஓரளவு துணைபோயின. ஆனால் உரையின் ஆதிக்கத்துக்கு மாற்று இன்னோர் உரையேயன்றி, உரையின்மை அன்று.

நாளடைவில் மேலோங்கியது அவ்வுரையின்மையே. தேய்வின் தொடக்கத்தை இணையவழிச் சேவைகளின் வருகையோடு பொருத்திக் கூறுவது வழக்கம். உண்மையில் அது சற்று முந்தியது. 2009 மார்ச்சில் ‘சிலம்டோக் மில்லியனேர்’ (ஏ. ஆர். ரஹ்மானுக்கு அவ்வாண்டு ஒஸ்கார் பரிசுகள் பெற்றுத்தந்த அதே படம்) வட்டாக வெளிவந்தபோது, அதன் வெளியீட்டு நிறுவனம் வாடகைக் கடைகளுக்கென இணைப்புகள் நீக்கிய வட்டுகளையும் விற்பனைக்கென இணைப்புகள் உள்ள வட்டுகளையும் தனித்தனியே அச்சிட்டிருந்தது. தவறுதலாக, விற்பனைக்கு வந்த பெட்டிகள் சிலவற்றின் உறையில் இணைப்புகள் உள்ளன என்று அச்சிட்டிருக்க, உள்ளே வெறும் வட்டே இருந்தது. நிறுவனம் வருத்தம் தெரிவித்தது. தவறு தற்செயலானது, அத்தவறு வெளிப்படுத்திய கொள்கை தற்செயலானதன்று. இணைப்பு என்பது படத்தின் உறுப்பன்று, வாடகைக்கு எடுப்பவனை விலைக்கு வாங்குவோனாக மாற்றும் கருவியே என்பது அங்கு வெளிப்படையாயிற்று. வாங்குவோனே இல்லாதுபோனால் கருவிக்கும் வேலையில்லை.

வாங்குவோர் அருகியதும் அவ்வாறே நிகழ்ந்தது. ஐக்கிய அமெரிக்காவில் 2005ஆம் ஆண்டளவில் ஆண்டுக்கு 16 பில்லியன் டொலர் அளவிலிருந்த வட்டு விற்பனை, 2024இல் ஒரு பில்லியன் டொலருக்கும் கீழே இறங்கியது. 1998இல் அஞ்சல்வழி வட்டு வாடகைக் கடையாகத் தொழில் தொடங்கிய நெற்பிளிக்ஸ் 2007இல் இணையவழிக் காட்சியைத் தொடங்கி, 2023 செப்ரெம்பர் 29ஆம் திகதி தன் கடைசி வட்டை அனுப்பி அஞ்சற் சேவையை மூடிவிட்டது. பெரும் மின்கருவிக் கடைத்தொகுதியான பெஸ்ற் பை 2024இல் வட்டு விற்பனையைக் கைவிட்டது.

சந்தாச் சேவையின் பொருளாதாரம் விற்பனையின் பொருளாதாரத்திலிருந்து அடிப்படையில் வேறானது. விற்பவன் ஒரு படத்தின் பெறுமதியைப் பெருப்பித்துக் காட்ட விரும்புவான். ஆகவே அதனுள் பலவற்றை அடைப்பான். சந்தா வாங்குபவனோ எந்தவொரு படத்தையும் விற்பதில்லை. சந்தாக்காரன் விலகாமலிருப்பதே அவனது இலாபம். ஒரு படத்தை முடித்தவன் அதே படத்தைப் பற்றி நான்கு மணித்தியாலம் ஆழ்ந்திருப்பதைவிட, உடனே அடுத்த படத்துக்குத் தாவுவதே அவனுக்கு உகந்தது. படம் முடிந்து பணியாளர் பெயர்கள் ஓடத் தொடங்கியதும் அவற்றைத் திரையின் மூலையில் சிறு பெட்டியாக ஒடுக்கி, அடுத்த படத்தை முன்தள்ளும் ஏற்பாடு இச்சேவைகளில் காணப்படுவதொன்று. வளையம் கோத்தவனின் கதையைக் கேட்க முன்பு மணித்தியாலங்கள் இருந்தன. இன்று அவன் பெயரை வாசிக்கவும் விநாடிகள் இல்லை.

வட்டாகவே தொடர்ந்து வெளிவருபவற்றிலும் இதே போக்கைக் காணலாம். ‘த லோட் ஒவ் த றிங்ஸ்’ மூன்று பாகங்களும் 2020 இறுதியில் நான்-கே எனப்படும் உயர்நுணுக்க வட்டுகளாக வெளியிடப்பட்டபோது, முன்னர் அத்துணைப் புகழ்பெற்ற பிற்சேர்க்கை வட்டுகள் அத்தொகுதியில் இடம்பெறவில்லை. படிமம் கூர்மையாயிற்று, உரை உதிர்ந்தது. படத்தை மேலும் தெளிவாகக் காண்பதும் மேலும் தெளிவாக விளங்கிக்கொள்வதும் ஒன்றல்ல என்பதை உற்பத்தியாளர் உணர்ந்திலர். அல்லது உணர்ந்தும் பொருட்படுத்திலர்.

பழைய உரைகளின் கதி இதனினும் கவலைக்குரியது. ஜோன் ஸ்ரேஜஸ் 1992இல் காலமானார். அவர் படம் 2005இல் டீவீடியாக வெளிவந்தபோது அதில் டானா போலன் என்ற பேராசிரியரின் உரை இடம்பெற்றதேயன்றி, நெறியாளரின் சொந்தக் குரல் இடம்பெறவில்லை. பழைய உரை ஒரு நிறுவனத்தினது, படம் இன்னொரு நிறுவனத்தினது. லேசர் வட்டை இயக்கும் கருவிகளின் உற்பத்தியை பயனியர் நிறுவனம் 2009இல் நிறுத்திவிட்டது. எனினும் எல்லா உரைகளுக்கும் இக்கதி நேரவில்லை. ஸ்கோசேசியும் திரைக்கதையாசிரியர் போல் சிறேடரும் கிரைற்றீரியன் லேசர் வட்டுக்காக ‘ரக்சி டிறைவர்’ படத்துக்கு வழங்கிய உரை, 2011ஆம் ஆண்டு புளூ-ரே வெளியீட்டில் மீண்டும் சேர்க்கப்பட்டது. ஆயின் எது தப்பும், எது மடியும் என்பதைத் தீர்மானிப்பது உரையின் தகுதியன்று, உரிமைப் பத்திரங்களே.

இவையாவும் வீண் புலம்பல், இணையத்தில் இன்று திரைப்பட ஆய்வுக் காணொளிகள் குவிந்து கிடக்கின்றன என்று ஒரு சாரார் வாதிப்பர். ரோனி சௌவும் ரெயிலர் றாமோசும் 2014 முதல் 2016 வரை வெளியிட்ட காணொளிக் கட்டுரைகள் போன்றவை சிறந்த விமர்சனம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவை முடிந்த படத்தை வெளியே நின்று நோக்குபவை. வெட்டப்பட்ட காட்சி, பட்டறையின் மாதிரியுரு, முதல்வரைவு, பணியாளரின் வாய்மொழி ஆகியன உரிமையாளரின் களஞ்சியத்துள்ளே பூட்டியிருக்கின்றன. உரிமையாளர் திறந்தாலன்றி அவை வெளிவரா. வட்டு யுகத்தில் அவற்றைத் திறப்பதற்கு அவருக்கு ஓர் இலாபக் காரணம் இருந்தது. இன்று அது இல்லை.

மற்றொரு சாரார் சிறு வெளியீட்டு நிறுவனங்களைச் சுட்டுவர். கிரைற்றீரியன் இன்றும் இயங்குகின்றது. 2021 நவம்பரில் அது மீண்டும் வெளியிட்ட ‘சிற்றிசன் கேன்’ தொகுதியில் ஈபேட்டின் உரை, பீற்றர் பொக்டனோவிச்சின் உரை, ஜேம்ஸ் நேமோரும் ஜொனதன் றோசன்போமும் புதிதாகச் சேர்ந்து வழங்கிய உரை என மூன்று குரலுரைகள் உள்ளன. ஐக்கிய இராச்சியத்தில் அரோ போன்ற நிறுவனங்களும் இத்தகைய பணியை ஆற்றுகின்றன. பணி போற்றத்தக்கது, ஆனால் அதன் சமூகத் தளம் சுருங்கிவிட்டது. ஒருகாலத்தில் சாதாரண வாடகைக் கடையிற்கூடக் கிட்டிய உரை, இன்று சேகரிப்போரின் அலுமாரிக்குரிய பொருளாகின்றது. கல்வி பொதுவுடைமையாயிருந்து தனியுடைமையாவதற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு.

தெற்காசிய மாணவனுக்கு இச்சுருக்கம் மேலும் ஒருபடி இறுக்கமானது. சத்தியஜித் ரேயின் அப்பு முப்படங்களின் மூலப்பிரதிகள், 1993இல் லண்டன் ஆய்வுகூடமொன்றில் ஏற்பட்ட தீயில் கருகின. கருகிய சுருள்கள் அமெரிக்கத் திரைப்படக் கலை, அறிவியல் அக்கடமியின் காப்பகத்தில் இருபதாண்டு கிடந்து, இத்தாலியின் பொலோஞ்ஞா நகரத்து ஆய்வுகூடத்தில் நீர்மமூட்டி நெகிழ்விக்கப்பட்டு, அங்குலம் அங்குலமாக ஒட்டப்பட்டு மீட்கப்பட்டன. ‘பதேர் பாஞ்சாலி’யின் ஒரு பகுதியும் ‘அபராஜித்தோ’வின் பெரும்பகுதியும் அச்சுருள்களிலிருந்தே பெறப்பட்டன, ‘அப்புர் சன்சார்’ மீளமுடியாதவாறு சேதமுற்றிருந்தமையால் அதற்கு வேறு பிரதிகளை நாடவேண்டியதாயிற்று. இவ்வரலாற்றைக் கூறும் குறும்படமும், ரேயோடு பணியாற்றியோரின் நேர்காணல்களும் அடங்கிய பெட்டி 2015 நவம்பரில் கிரைற்றீரியனால் வெளியிடப்பட்டது. புளூ-ரே வட்டுகளுக்கென உலகம் மூன்று வலயங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. அமெரிக்காவில் வெளிவந்த அப்பெட்டி ‘ஏ’ வலயத்துக்குரியது. இந்தியாவும் இலங்கையும் ‘சீ’ வலயத்தைச் சேர்ந்தவை. கிரைற்றீரியன் 2019 ஏப்ரலில் தொடங்கிய இணையவழிச் சேவையோ ஐக்கிய அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் மட்டுமே உரியது. வங்காளத்துக் கிராமமொன்றில் எடுக்கப்பட்ட படத்தின் உரையைக் கேட்கக் கல்கத்தாவிலோ கொழும்பிலோ ஒருவன் விரும்பினால், தன் வலயத்துக்கென விற்கப்படும் கருவியில் அவ்வட்டு ஓடாது.